நீ வெட்டிய ஸ்பிரிங் பற்றி

தம்பி,

நேற்று நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய். வைத்ததற்காக உன்மேல் வருத்தமில்லை. நானும் கொஞ்சமாகவா கத்தினேன். "அப்பா, அது டிப்பர் இல்லப்பா, கார். உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று நீ சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகையில் உன் பெரியப்பா பேரை விட்டதிலிருந்து, நீ பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டது வரைக்கும் எதையெதையோ இழுத்துப் பேசினேனே தவிர, எதைச் சொல்லக் கூப்பிட்டேனோ அதைச் சொல்லவில்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பனுக்கும் புள்ளைக்கும் போனு ஒத்துவராது. எழுதியாவது தொலைங்க" என்றாள். அதனால்தான் நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று, நான் லாரிக்கு எடைச்சீட்டு எழுதுகிற எடைமேடை ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். இன்றைக்கு அப்படி இருக்காது, பொறுத்துக்கொள்.

சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். எனக்குப் பயமாக இருக்கிறது. உன் காரை நினைத்துப் பயமாக இருக்கிறது. இன்னும் பதினாறு நாளில் தா.பழூரில் உனக்குக் கல்யாணம். தாலி கட்டி முடித்ததும் திவ்யாவை அந்தக் காரில் ஏற்றி, ஜெயங்கொண்டம், அரியலூர் வழியாகப் பெரம்பலூருக்கு நீயே ஓட்டிக்கொண்டு வரப்போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். "டிரைவர் எதுக்குப்பா? எம் பொண்டாட்டிய நான் கூட்டிட்டு வரேன்" என்று நீ சொன்னபோது உன் அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நானும்தான் சிரித்தேன். இப்போது அந்த வழியை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. சுண்ணாம்புக்கல் டிப்பரும் சிமெண்ட் லாரியும் ஓடி ஓடிக் குழி விழுந்த ரோடு அது. எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்த வளைவில் எதிரே வருகிறவன் தூங்கி வழிவான் என்பதெல்லாம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். தெரிகிறதால்தான் பயம். தெரியாதவனாக இருந்திருந்தால் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

காரைத் தாழ்த்தியதே தப்பு என்று சொல்ல வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், போன தீபாவளிக்கு நீ அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது அழகாகத்தான் இருந்தது. டயருக்கும் அதற்கு மேலே இருக்கிற வளைவுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. தரையோடு ஒட்டிக்கொண்டு, பாயத் தயாராக இருக்கிற மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து, "என்ன தம்பி, நாலு சக்கரத்துலயும் காத்து எறங்கிடுச்சா?" என்று கேட்டதும் உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் உள்ளே போய்ச் சிரித்தேன். ஸ்பிரிங்கை மாற்றினாயா என்று கேட்டேன். "ஆமாப்பா, திருச்சில ஒருத்தர் பண்ணிக் குடுத்தாரு" என்றாய். மாற்றினேன் என்றுதான் சொன்னாய். வெட்டினேன் என்று சொல்லவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. வாழ்க்கை முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன், அன்றைக்கு ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம். புது வேட்டி அழுக்காகிவிடும் என்று பார்க்கவில்லை.

போன மாதம் பத்திரிகை வைக்கத் தா.பழூர் போனோமே, நினைவிருக்கிறதா? பெரம்பலூரைத் தாண்டுவதற்குள்ளேயே முதல் வேகத்தடையில் அடிப்பக்கம் கரகரவென்று தேய்த்தது. உனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த வேகத்தடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "அம்மா, ஒரு நிமிஷம் எறங்கி அந்தப் பக்கம் வந்து ஏறிக்கயேன்" என்றாய். அவளும் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அரியலூர் போவதற்குள் ஐந்து தடவை இறங்கி ஏறினாள். ஐந்தாவது தடவை டீக்கடையில் நின்றவர், "என்னக்கா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். "வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாந்தான் கனமா இருக்கேனாம். இப்புடியே போனா தா.பழூருக்கு நடந்தே போயிருவேன் போல" என்றாள் அவள். நாம் மூன்று பேரும் வழி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நான்கு பேரைச் சுமக்க வேண்டிய வண்டி ஒரு அம்மாவைச் சுமக்க மாட்டேன் என்கிறது என்றால் அது சிரிக்கிற விஷயமில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு! டிப்பரில் கால் வைத்தவுடனே எத்தனை டன் ஏறியிருக்கிறது என்று சொல்லுகிறவனுக்கு!

நீ ஒரகடம் வேலைக்கு பஸ்ஸில் திரும்பிப் போனபோது, காரை வீட்டில் விட்டு, "தெனம் ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாயல்லவா. போன திங்கட்கிழமை அரியலூரில் உன் பெரியம்மாவுக்குப் பத்திரிகை வைக்க அதை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். உன் அம்மா, "எனக்கு நடக்கத் தெம்பில்ல சாமி" என்று வீட்டிலேயே நின்றுவிட்டாள். காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில், ரோடு காய்ந்து கிடந்தது, வேகம் அறுபதுகூட இருக்காது. வழியில் ஒரு சின்னப் பாலத்து மேடு வருமே, ஏறி இறங்குகிற இடம். அதில் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் லேசாக மேலே எழுந்தது. எழுந்த இடத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். கீழே வந்து உட்கார்ந்தபோது நேராக உட்காரவில்லை. வால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது, மூக்கு ரோட்டின் நடுவுக்குத் திரும்பியது. எதிரே சிமெண்ட் ஏற்றிய பல்கர் லாரி வந்துகொண்டிருந்தது.

எப்படித் திருப்பினேன் என்று எனக்குத் தெரியாது. கை தானாகச் செய்தது. லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு என் பக்கத்துக் கண்ணாடியை உரசுகிற மாதிரி போனான். ஓரம் கட்டி நிறுத்திவிட்டு இறங்கினேன். மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் உயிர் போயிருக்கும் என்று நான் பயப்படவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அந்த இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் மாலையும் கழுத்துமாக நீ ஸ்டியரிங்கில் இருப்பதையும், பக்கத்தில் அந்தப் பெண் இருப்பதையும்தான். நான் முப்பது வருஷம் கனரக வண்டி ஓட்டியவன், தப்பித்தேன். உனக்கு அந்தக் கை வரவே வேண்டாம். அது வருவதற்கு என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று இனிமேல் சொல்லப்போகிறேன்.

அங்கிருந்து இருபதிலேயே உருட்டிக்கொண்டு பெரம்பலூர் வந்து சலீம் பாய் பட்டறையில் விட்டேன். அவரை உனக்குத் தெரியாது. லப்பைக்குடிக்காட்டுக்காரர், என்னைவிட இருபது வயது சின்னவர். துபாயில் இந்த மாதிரி தாழ்த்துகிற வண்டிகளுக்கே வேலை செய்யும் பட்டறையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். காரை லிஃப்டில் தூக்கினார். பின்சக்கரம் இரண்டும் தொங்கின. கையை உள்ளே விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துத் திருப்பினார். பாட்டில் மூடி திரும்புகிற மாதிரி திரும்பியது தம்பி. "அல்லாவே" என்று கையை எடுத்துவிட்டார். "அண்ணே, கொஞ்சம் வாங்க. நீங்களே தொட்டுப் பாருங்க." நானும் தொட்டேன். வண்டியையும் நான்கு உயிரையும் தாங்க வேண்டியது, கூண்டுக்குள் இருக்கிற கிளியைப்போல ஆடிக்கொண்டிருந்தது. மேல் முனையில் கிரைண்டர் வைத்து அறுத்த தடம் அப்படியே இருந்தது. அறுத்த சூட்டில் இரும்பு நீலம் பூத்திருந்தது.

"ஒண்ணரை சுத்து வெட்டிருக்கான்" என்றார் பாய். "சக்கரம் தரைல இருக்கிற வரைக்கும் வண்டியோட கனம் இத அமுக்கிப் புடிச்சிருக்கும். மேட்டுல ஏறி பின்னாடி தூக்குச்சுன்னா அமுக்க ஆளில்ல. ஸ்பிரிங்கு லூசாகி எடத்த விட்டு நவுந்துரும். நீங்க கேட்ட சத்தம் அதுதான். இன்னிக்கு திரும்ப வந்து உக்காந்துருச்சு. என்னிக்கு உக்காராதுன்னு எனக்குத் தெரியாது." அவர் உள்ளே இருந்த ரப்பர் கட்டையைக் காட்டினார். பெரிய பள்ளத்தில் இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்கக் கடைசியாக வைத்திருக்கிற ரப்பர் அது. நசுங்கி, ஓரம் பிய்ந்து கிடந்தது. "ஆளு ஏறுனா ஸ்பிரிங்குக்கு எறங்க எடமே இல்லண்ணே. வண்டி இது மேலதான் ஓடுது. இப்ப உங்க ஸ்பிரிங்கே இந்த ரப்பருதான்." உன் அம்மாவை ஐந்து தடவை இறக்கி ஏற்றியது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் கேட்டேன், "அப்ப தாழ்த்தவே கூடாதா பாய்? பையன் ரொம்ப ஆசைப்பட்டுச் செஞ்சிருக்கான்." அவர் சிரித்தார். "ஏன் கூடாது? நானே நூறு வண்டிக்கு மேல எறக்கிருப்பேன். அங்க ரோடு கண்ணாடி மாதிரி. இங்கயும் செய்யலாம், அளவா செஞ்சா. ஆனா எங்கிட்ட வர்றவன் எவ்வளவு எறங்கணும்னுதான் கேக்கறான். எத்தன பேரு ஏறுவீங்க, எந்த ரோட்டுல போவீங்கன்னு நான் திருப்பிக் கேட்டா மொறைக்கிறான். அத சொன்னாத்தானண்ணே ஸ்பிரிங்கு சொல்ல முடியும்?" பிறகு எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். தாழ்வதற்கென்றே செய்த ஸ்பிரிங் உண்டு. உயரம் குறைவாக இருக்கும், ஆனால் கம்பி விறைப்பாக இருக்கும், ஏனென்றால் அமுங்க இடம் குறைவு. சக்கரம் தொங்கும்போதும் அது தன் இடத்தை விட்டு அசையாத நீளத்தில் இருக்கும். அதற்கு ஏற்ற ஷாக் அப்சர்வரும் சேர்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் எண்ணெய் கசிந்து வண்டி தொட்டிலாக ஆடும். நம் ரோட்டுக்கு இரண்டு விரற்கடைக்கு மேல் இறக்கவே கூடாதாம். நீ இறக்கியிருப்பது நான்கு விரற்கடைக்கும் மேல். விறைப்பை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளும் வகையும் இருக்கிறதாம், ஆனால் அது ரேஸ் ஓட்டுகிறவனுக்கு. இதில் எதுவும் எனக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. புரிந்ததால் காரை மறுபடியும் இருபதிலேயே உருட்டி வந்து வாசலில் நிறுத்திவிட்டு, சாப்பிடாமல் படுத்தேன்.

இப்போது நான் சொல்லப்போவதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் அவளிடமும் படித்துக் காட்டுவேன். நீ ஆறாம் வகுப்பு படித்த வருஷம். அரியலூர்ப் பக்கம் சுரங்கத்திலிருந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஓட்டிக்கொண்டிருந்தேன். டிப்பருக்குப் பின்னால் உன் கார் மாதிரி சுருள் ஸ்பிரிங் கிடையாது, வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அளவுக்கு மேல் கல் ஏற்றினால் அந்தப் பட்டை அமுங்கி, வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். செக்கிங்கில் நிற்கிற அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான். உட்கார்ந்த வண்டியை ஓரம் கட்டச் சொல்வார், நிமிர்ந்த வண்டியைக் கைகாட்டி விட்டுவிடுவார். அதனால் எங்களில் பாதிப் பேர் செய்ததை நானும் செய்தேன். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பட்டை கூடுதலாக வைத்துக் கட்டச் சொன்னேன். முதலாளி சொல்லவில்லை, நானாகத்தான் கேட்டேன். எவ்வளவு ஏற்றினாலும் வண்டி மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. "நிக்கிறதப் பாருடா!" என்று நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

லோடோடு போகும்போது ஒன்றும் தெரியவில்லை. காலியாகத் திரும்பும்போதுதான் வண்டி வண்டியாக இருக்காது. அத்தனை டன்னுக்குப் போட்ட பட்டை, ஒன்றுமில்லாத தொட்டிக்கு வளைந்து கொடுக்குமா? ஒவ்வொரு குழியிலும் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். ஸ்பிரிங் வண்டியைத் தூக்கி நிறுத்துவதற்கு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். டயரை ரோட்டோடு ஒட்டிவைப்பதற்குத்தான் அது இருக்கிறது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஒருநாள் காலையில் செந்துறைச் சாலையில் காலி வண்டியோடு வந்துகொண்டிருந்தேன். தூறல் விழுந்து ரோடு வழுக்கலாக இருந்தது. வேகத்தடையைக் கவனிக்கத் தாமதமாகிவிட்டது. ஏறித் துள்ளிய அதே நொடியில் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் அந்தரத்தில் சுற்றாமல் நின்றுபோய், நின்ற சக்கரத்தோடு வண்டி தரையில் விழுந்தது. பின்பக்கம் அப்படியே இடதுபுறம் அடித்துக்கொண்டு போனது. ரோட்டோரத்தில் பால் கேன் கட்டிய மொபெட்டை நிறுத்திவிட்டு ஒருவர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். செல்லமுத்து என்று பேர். அவர் ரோட்டில்கூட இல்லை தம்பி. மண்ணில் நின்றார்.

உயிர் போகவில்லை. வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது, தலையிலும் அடி. நான் எல்லோரிடமும் சொன்னது, "குறுக்க வந்துட்டாரு" என்பதுதான். போலீசிலும் அதையே சொன்னேன், வீட்டிலும் அதையே சொன்னேன். வண்டி திரும்பி வந்ததும் யாரும் பார்ப்பதற்கு முன்னால் கூடுதல் பட்டைகளைக் கழற்றி எடுத்தாகிவிட்டது. நான்காவது நாள் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க டிரைவரே. நாந்தான் பாக்காம குறுக்க வந்துட்டேனாம், எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. உங்க பொழப்பும் கெட்டுப்போச்சு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லங்க, ஒடம்பப் பாத்துக்கங்க" என்றேன். நான் அவரை மன்னித்தேன் தம்பி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவரை நான் மன்னித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் எவனோ, "உங்கப்பன் ஆள ஏத்திட்டான்" என்று சொல்லி, நீ அவனோடு கட்டிப் புரண்டு சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தாய். "எங்கப்பா மேல தப்பில்லன்னு சொன்னேம்ப்பா" என்று மூக்கில் ரத்தத்தோடு என் முன்னால் வந்து நின்றாய். நான் பெல்ட்டை எடுத்து உன்னை அடித்தேன். சண்டை போட்டதற்காக அடித்ததாக நீ இன்றுவரை நினைத்திருப்பாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் அடித்தேன். அதோடு டிப்பரையும் விட்டேன். முட்டி வலி என்று உங்களிடம் சொல்லி எடைமேடையில் போய் உட்கார்ந்தேன். எனக்கு முட்டி வலியே கிடையாது. செல்லமுத்துவை எப்போதாவது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன், காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். என்னைப் பார்த்தால் கும்பிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். அதற்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போவேன்.

எதற்கு இதையெல்லாம் சொல்கிறேன் என்றால், நீயும் நானும் செய்தது ஒரே வேலை. நான் உயர்த்தினேன், நீ தாழ்த்தினாய், அவ்வளவுதான். இரண்டு பேருமே வண்டி எப்படி நிற்கிறது என்று பார்த்து ஸ்பிரிங் போட்டோம், எப்படி ஓடும் என்று பார்க்கவில்லை. "உங்களுக்குப் புரியாது" என்றாய் அல்லவா? இந்த ஒரு விஷயம் இந்தப் பெரம்பலூர் ஜில்லாவில் என்னைவிட யாருக்கும் நன்றாகப் புரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திவ்யா முந்தாநாள் போன் பண்ணியது, ஜாக்கெட் அளவு விஷயமாக உன் அம்மாவிடம் பேச. அம்மா கடைக்குப் போயிருந்தாள். நானே கேட்டேன், "புடவ எடுக்கப் போனப்ப அந்தக் கார்லதான போனீங்க? எப்புடிம்மா இருந்துச்சு?" ஜாக்கெட் அளவையே இரண்டு தடவை திருப்பிச் சொன்னது. பிறகு, "முதுகு ரெண்டு நாள் வலிச்சுது மாமா. ஒரு எடத்துல வண்டி அப்புடியே சறுக்குச்சு, கண்ண மூடிக்கிட்டேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க, அவ்ளோ ஆசையா பண்ணிருக்காரு" என்றது. நீ பக்கத்தில் இருந்தாயே, அந்தப் பெண் கண்ணை மூடியது உனக்குத் தெரியுமா? சொல்லாதீர்கள் என்றதை மீறிச் சொல்கிறேன், என்மேல் கோபித்துக்கொண்டால் பார்த்துக்கொள்ளலாம். பயத்தை மறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிற பழக்கம் கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்தப் பெண்ணுக்கு வர வேண்டாம். உன் அம்மா என் கோபத்துக்குப் பயந்து எத்தனை விஷயத்தை முழுங்கியிருப்பாள் என்று எனக்கு இப்போதுதான் எண்ணத் தோன்றுகிறது. நீ அப்படி ஆகாதே. திவ்யாவைக் கேள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் சும்மா இரு.

சலீம் பாயிடம் இரண்டு வகையும் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்று வண்டி வாங்கும்போது இருந்த அதே உயரம். இன்னொன்று ஒன்றரை விரற்கடை தாழ்கிறது, ஷாக் அப்சர்வரோடு சேர்த்து. எதைப் போடுவது என்பதை நீ முடிவு பண்ணு. இரண்டாவதைப் போட்டாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பாய் தன் வண்டிக்கு அதைத்தான் போட்டிருக்கிறார், நான் ஏறிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது, பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது. பேன்சியாக இருக்க வேண்டும் என்கிற உன் ஆசையை நான் கெடுக்கவில்லை. நான்கு பேர் ஏறுவோம், அரியலூர் ரோட்டில் போவோம் என்பதை மட்டும் பாயிடம் மறைக்காமல் சொல்லிவிடு.

ஆனால் நீ இதைப் படித்து முடித்துவிட்டு, "கல்யாணம் முடியட்டும்ப்பா, அப்புறம் மாத்திக்கலாம்" என்பாய். எனக்கு உன்னைத் தெரியும். நானும் அந்தக் கூடுதல் பட்டையை அடுத்த மாதம் எடுத்துவிடலாம், அடுத்த மாதம் எடுத்துவிடலாம் என்றுதான் வைத்திருந்தேன். அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்துவிட்டேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து பாய் நேராக நம் வீட்டுக்கு வந்தார். பின்னாலிருந்த ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிவிட்டோம். முன்னால் இருப்பவை உள்ளே அடைத்து நிற்பதால் விழாதாம், அவற்றை நீ வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். உன் கார் இப்போது வாசலில் மரக்கட்டைமேல் நிற்கிறது. பாய், "அண்ணே, பழச பத்திரமா வைங்க. புள்ள வந்து கேட்டா காட்டணும்ல" என்றார். வீட்டில் இருந்தால் நீ எடுத்துத் திரும்ப மாட்டிவிடுவாய். இரண்டையும் சாக்கில் போட்டு என் பைக்கில் கட்டிக்கொண்டு அரியலூர் தாண்டி, கல் எடுத்து முடித்துத் தண்ணீர் நின்றுபோன பழைய சுரங்கப் பள்ளம் இருக்கிறதே, அங்கே போனேன். விளிம்பில் நின்று வீசினேன். இரண்டாவது தண்ணீர்வரை போகாமல் கரையிலேயே விழுந்தது. இறங்கிப் போய் எடுத்து மறுபடியும் வீசினேன். அந்தத் தண்ணீரின் ஆழம் எவனுக்கும் தெரியாது.

நீ ஆசைப்பட்டுச் செய்ததை, நீ இல்லாத நேரத்தில், ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கி எறிந்துவிட்டேன். கோபம் வரும். வந்து திட்டு. வாசலில் நின்று ஊர் கேட்கத் திட்டு. கல்யாணத்தன்றைக்கு என்னோடு பேசாமல் இரு, உன் பெண்டாட்டியிடம் சொல்லிச் சொல்லித் திட்டு, உன் பிள்ளைகளிடம் உங்கள் தாத்தா இப்படி ஒரு மடத்தனம் பண்ணினான் என்று சொல்லித் திட்டு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் திட்டிக்கொண்டிரு தம்பி, நான் கேட்டுக்கொண்டிருப்பேன். திட்டுவதற்கு நீ இருக்க வேண்டும்.

அப்பா